இரண்டு லைன் இருந்தும் ஒன்று சும்மா கிடக்கிறதா? பிஜிபியில் வழி திருப்பும் முறை

இரண்டு இணைய வழங்குநர்களிடம் லைன் வாங்கியாச்சு, எந்த முகவரிக்கு எந்த வழி என்று நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் பிஜிபியும் ஓடுகிறது. ஆனாலும் டிராஃபிக் முழுக்க ஒரே லைனில்தான் வருகிறது. சின்ன பிராட்பேண்ட் நிறுவனங்களுக்கு ரவுட்டர் அமைத்துக் கொடுக்கும் என்னிடம் அடிக்கடி வரும் புகார் இது. வெளியே போவதற்கு நீங்கள் உத்தரவு போடலாம். உள்ளே வருவதற்குக் கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

வழங்குநரின் ரவுட்டரோடு பிஜிபி செஷனை (இணைப்பை) ஏற்றுவதற்கு முன்பே, எந்த வழிகளை அறிவிக்கலாம் என்று கட்டுப்படுத்தும் ஃபில்டர் எழுதிவிடுங்கள். உங்கள் சொந்த முகவரித் தொகுதி மட்டும் வெளியே போகட்டும். இல்லாவிட்டால் ஒரு வழங்குநரிடம் கற்ற வழிகளை இன்னொருவருக்கு நீங்களே அறிவிப்பீர்கள். அவர்களுடைய டிராஃபிக் உங்கள் சின்ன லைனில் வந்து குவியும்.

வெளியே அனுப்புவது சுலபம். பிடித்த லைனில் வரும் வழிகளுக்கு லோக்கல் ப்ரிஃபரன்ஸ் (உங்கள் நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லும் விருப்ப எண்) 200 கொடுங்கள். வழக்கமாக இருப்பது 100. பெரிய எண் ஜெயிக்கும். ஏஎஸ் பாதையின் (வழியில் கடக்கும் நெட்வொர்க்குகளின் எண் வரிசை) நீளத்தை ரவுட்டர் பார்ப்பதே அதற்குப் பிறகுதான்.

உள்ளே வருவதுதான் தலைவலி. எல்லோரும் முதலில் கையில் எடுப்பது ப்ரிபெண்ட்: வேண்டாத லைனில் தங்கள் ஏஎஸ் எண்ணைத் திரும்பத் திரும்ப ஒட்டிப் பாதையை நீளமாகக் காட்டுவது. பல நேரம் பலிக்காது. நீங்கள் அந்த வழங்குநருக்குக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர். வாடிக்கையாளர் வழிகளுக்கு அவர் தன் பக்கத்தில் லோக்கல் ப்ரிஃபரன்ஸை ஏற்றி வைத்திருப்பார். பத்து முறை ஒட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன், ரவுட்டருக்கு இரக்கம் வராது. வழங்குநருடைய கம்யூனிட்டி (வழி அறிவிப்போடு ஒட்டும் குறியீட்டு எண்) பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ப்ரிஃபரன்ஸைக் குறைக்கச் சொல்லும் எண் அதில் இருந்தால், அறிவிப்போடு சேர்த்து அனுப்புங்கள்.

உங்களிடம் /23 தொகுதி (இரண்டு /24 சேர்ந்தது; எண் பெரிதானால் தொகுதி சின்னது) இருந்தால் இன்னொரு வழி உண்டு. இரண்டு லைனிலும் /23 அறிவித்துவிட்டு, ஒரு /24ஐ இங்கேயும் மற்றதை அங்கேயும் கூடுதலாக அறிவியுங்கள். குறுகிய தொகுதியே எப்போதும் வெல்லும். 2008 பிப்ரவரி 24 அன்று யூடியூப் சுமார் இரண்டு மணி நேரம் முடங்கியதும் இதே விதியால்தான்: யூடியூப் 208.65.152.0/22 அறிவித்திருக்க, உள்நாட்டில் தடுப்பதற்காக பாகிஸ்தான் டெலிகாம் போட்ட 208.65.153.0/24 மேல் வழங்குநர் வழியாக உலகத்துக்கே கசிந்தது. /24ஐவிடச் சின்னதைப் பெரும்பாலான நெட்வொர்க்குகள் ஏற்பதில்லை என்பதால் அதற்குக் கீழே உடைக்காதீர்கள்.

உடைப்பதற்கு முன் ஆர்ஓஏவை (உங்கள் தொகுதியை எந்த ஏஎஸ், எந்த நீளம் வரை அறிவிக்கலாம் என்ற பதிவு) திறந்து பாருங்கள். அதிகபட்ச நீளம் 23 என்று பதிந்திருந்தால் உங்கள் /24கள் செல்லாதவை ஆகிவிடும். ஆர்பிகேஐ முறையில் இந்தப் பதிவுகளைச் சரிபார்க்கும் நெட்வொர்க்குகள் தூக்கி எறிந்துவிடும். 24 வரை அனுமதித்து, அந்த மாற்றம் பரவிய பிறகு அறிவியுங்கள்.

உங்கள் ரவுட்டர் சொல்வதை மட்டும் நம்பாமல், வெளியே ஒரு லுக்கிங் கிளாஸில் (வேறொரு நெட்வொர்க்கின் ரவுட்டர் பார்ப்பதைக் காட்டும் தளம்) உங்கள் தொகுதியைத் தேடி ஏஎஸ் பாதையைப் படியுங்கள். பிறகு நடுராத்திரியில் ஒரு செஷனை நிறுத்தி, மற்ற லைன் முழுச் சுமையையும் தாங்குகிறதா என்று பாருங்கள். நீங்களே நிறுத்தினால் அடுத்த முனைக்கு உடனே தெரியும். நிஜத்தில் நடுவழியில் எங்கோ ஃபைபர் அறுந்தால், ஹோல்ட் டைமர் (மறுமுனையிடமிருந்து செய்தி வராமல் ரவுட்டர் காத்திருக்கும் நேரம்) தீரும்வரை தெரியாது; சிஸ்கோவில் அது 180 விநாடி. வழங்குநர் சம்மதித்தால், அறுந்ததைச் சட்டென்று கண்டுபிடிக்கும் பிஎஃப்டி போட்டுவிடுங்கள்.