ஃபஸ் பெடல் பாடவில்லையா? டிரான்சிஸ்டரை அப்புறம் பார்க்கலாம்

கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் ஓசூர் வழியாக பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு போய்விடலாம். அந்த வசதிதான் என்னைக் கெடுத்தது. நான் செய்த முதல் ஃபஸ் பெடலில் (கிட்டார் சத்தத்தை உடைத்து முரட்டுத்தனமாக்கும், காலால் அழுத்தும் பெட்டி) சத்தம் சரியாக வரவில்லை என்றதும், மூன்று தடவை போய் டிரான்சிஸ்டர் வாங்கி வந்தேன். மூன்று தடவையும் அதே தவறோடுதான் பொருத்தினேன்.

1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற பெடலின் சர்க்யூட்டைப் பார்த்துத்தான் பெரும்பாலானோர் தொடங்குகிறோம். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், திருகும் கன்ட்ரோல் இரண்டு (ஒன்று வால்யூமுக்கு, ஒன்று ஃபஸ்ஸுக்கு). மொத்தமே பதினோரு சாமான். இவ்வளவு சின்ன சர்க்யூட்டில் சாமான் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். நாம் கெடுப்பதுதான் அதிகம்.

என் தவறு கால் வரிசை. பிசி 547 என்ற டிரான்சிஸ்டரின் தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என் 3904 என்ற இன்னொரு டிரான்சிஸ்டரில் அது அப்படியே தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். ஒன்றுக்கு வரைந்த படத்தில் இன்னொன்றைப் போட்டால் பெடல் ஒரேயடியாகச் செத்துப்போகாது. சோகை பிடித்த மாதிரி மெலிசாக ஒரு சத்தம் வரும். அதுதான் ஏமாற்றும். ‘டூப்ளிகேட் டிரான்சிஸ்டர் கொடுத்துவிட்டான்’ என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? முதலில் பைபாஸில் (சத்தம் சர்க்யூட்டுக்குள் போகாமல் நேராக வெளியேறும் நிலை) வைத்து கிட்டார் சத்தம் ஆம்புக்குப் போகிறதா பாருங்கள். போகவில்லையென்றால் கோளாறு ஜாக்கிலோ சுவிட்சிலோ ஒயரிலோ இருக்கிறது. சர்க்யூட்டைத் தொடவே வேண்டாம். அந்த ஒன்பது கால் சுவிட்சில் சால்டரிங் அயர்னை அதிக நேரம் வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகி, தகடு நகர்ந்துவிடும். உள்ளீட்டு ஜாக் ஸ்டீரியோவாக இருக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. பேட்டரியின் மைனஸ் அதன் நடு வளையத்துக்குப் போகும். கிட்டார் கேபிளின் பின்னைச் செருகினால்தான் கரன்ட் ஓடும். பின்னைச் செருகாமல் மீட்டரை வைத்துவிட்டு ‘கரன்டே வரவில்லை’ என்று தலையைச் சொறிந்தவர்களில் நானும் ஒருவன்.

பைபாஸ் சரியாக இருந்தால், பின்னைச் செருகி மல்டிமீட்டரை எடுங்கள். கறுப்பு முனை கிரவுண்டில். 9 வோல்ட் பேட்டரி போட்ட சிலிக்கான் டிரான்சிஸ்டர் பெடலில் முதல் டிரான்சிஸ்டரின் பேஸ் 0.6 வோல்ட் அருகே, கலெக்டர் 1.3 அருகே, இரண்டாவதன் கலெக்டர் 4.5 அருகே இருந்தால் நல்லது. இரண்டாவதன் கலெக்டரில் முழு 9 வோல்ட் நின்றால் அந்த டிரான்சிஸ்டர் ஓடவில்லை. கால் வரிசையையோ, ட்ரை சால்டரையோ (சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு) சந்தேகப்படுங்கள். ரெசிஸ்டர் நிறத்தையும் வெயிலில் ஒருமுறை பாருங்கள். டியூப்லைட்டில் சிவப்பும் பழுப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வோல்ட் எல்லாம் சரி, ஆனாலும் சத்தமில்லையா? ஆம்புக்குப் போகும் கேபிளின் நுனியில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைக் கட்டி, கேபிளின் கிரவுண்டைப் பெடலின் கிரவுண்டோடு சேருங்கள். யாரையாவது கிட்டாரை மீட்டச் சொல்லிவிட்டு, கெப்பாசிட்டரின் மறுகாலால் உள்ளீட்டிலிருந்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போங்கள். சத்தம் எங்கே நின்றதோ, அதற்கு முந்தைய இணைப்பில்தான் கோளாறு. ஆம்பின் வால்யூமைக் குறைத்து வையுங்கள், காது பத்திரம். பேட்டரியில் ஓடும் பெடலில் மட்டும்தான் இந்த வேலை.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட பெடலின் கதை வேறு. பழைய பிஎன்பி வகையில் (கரன்ட் எதிர்த்திசையில் ஓடும் டிரான்சிஸ்டர்) பேட்டரியின் பிளஸ்தான் கிரவுண்ட். அதை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்தால் அடாப்டர் ஷார்ட் ஆகும். இன்னொன்று சூடு. ஜெர்மானியத்தில் சூடு ஏற ஏறக் கசிவு கூடும், வோல்ட் நிலை மாறும். தருமபுரியில் சித்திரை மாதத்து மதியம் தகர ஷீட் அறையில் கரகரவென்று திக்கும் பெடல், விடியற்காலையில் அருமையாகப் பாடும். அதைப் பழுது என்று நினைத்துப் பிரிக்காதீர்கள். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் பக்கத்து 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதில் ஒரு டிரிம்பாட் (திருப்பி அளவை மாற்றும் ரெசிஸ்டர்) போட்டு, வாசிக்கும் இடத்திலேயே அந்தக் கலெக்டரை 4.5 வோல்ட்டுக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பயன்படுத்தியது எவர்சில்வர் டிபன் பாக்ஸ். வெளியே மேஜையில் பாடிய பெடல், மூடியதும் ஊமையானது. ஜாக்கின் முனைத்தகடு மூடியில் உரசி கிரவுண்ட் ஆகியிருந்தது. உள்பக்கம் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன், வேலை முடிந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போனது.