செம்பருத்தி மாவுப்பூச்சி: வேப்பெண்ணெய் ஏன் கேட்கவில்லை, எப்படிக் கேட்டது

வேலியோரச் செம்பருத்தியில் தளிர் சுருண்டு, கணுக்களில் வெள்ளைப் பஞ்சு அப்பியிருந்தது. மாவுப்பூச்சிதான். இரண்டு முறை வேப்பெண்ணெய் அடித்தும் போகவில்லை. இலை கருகியதுதான் மிச்சம். தப்பு கலவையில். எண்ணெயை நேரே தண்ணீரில் விட்டால் மேலே மிதக்கும். தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீர் வரும், கடைசியில் கெட்டி எண்ணெய் வந்து இலையைப் பொசுக்கும்.

லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., காதி சோப்புக் கரைசல் 2 மி.லி. இரண்டையும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் பால்போல வெளுக்கும்வரை அடித்துக் கலக்கி, அப்புறம்தான் மீதித் தண்ணீர். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து எளிதில் ஒட்டாது. பஞ்சு மண்டிய நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அகற்றி, மற்றதைக் குழாய்த் தண்ணீரால் வேகமாகப் பீய்ச்சுங்கள். மறுநாள் வெயில் தாழ்ந்ததும் இலையடியும் கணுவும் நனைய அடியுங்கள். 7 நாள் இடைவெளியில் 3 முறை; பஞ்சுக்குள் ஒளிந்த முட்டைகள் பிறகுதான் பொரியும்.

எறும்பை விட்டால் எல்லாம் வீண். பூச்சி கசியவிடும் இனிப்புக்காக எறும்பு காவல் நின்று, மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டை விரட்டும். தண்டில் டேப் சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவினால் ஏறாது.

கடையில் ரசாயன மருந்து நீட்டினால் டப்பாவின் முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு கொடிய நஞ்சு. அடுத்தடுத்து நஞ்சு குறையும் வரிசையில் மஞ்சள், நீலம், பச்சை. குழந்தைகள் புழங்கும் தோட்டத்துக்குச் சிவப்பும் மஞ்சளும் வேண்டவே வேண்டாம். வேப்பெண்ணெய்க்கும் கையுறை, முகக்கவசம் போட்டு, காற்று முதுகில் படும்படி நில்லுங்கள்.