உண்ணல் கோளாறுகளின் சிகிச்சைச் சான்றுகளை அவையில் வைத்து வாதிடுவது எப்படி

காவிரிப் படுகையில் வாதத்துக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. கோயில் திருவிழா மேடையிலும் கல்லூரி ஆண்டு விழாவிலும் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால்தானோ என்னவோ, கும்பகோணத்தில் செவிலியர் மாணவிகள், உளவியல் படிப்பவர்கள், சில ஆசிரியர்கள், பெற்றோர் ஆகியோரைக் கொண்டு நாங்கள் நடத்தும் சிறிய வாசிப்புக் குழு, உண்ணல் கோளாறுகளைப் பற்றிப் பேச முடிவு செய்தபோது, யோசிக்காமலேயே பட்டிமன்ற வடிவத்தை எடுத்துக்கொண்டது. "குணப்படுத்துவது மருத்துவமனையா, குடும்பமா?" என்பது தலைப்பு. இரண்டு மணி நேரம் கைதட்டல் வாங்கினோம். கலைந்து போகும்போது ஒருவருக்கும் ஒன்றும் புதிதாகத் தெரிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் மாற்றிக்கொண்ட முறையை, வேறு ஊர்களில் இத்தகைய விவாதம் நடத்த நினைப்பவர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தலைப்பைச் சுருக்க வேண்டும். உண்ணல் கோளாறு என்ற ஒரே சொல்லுக்குள் தனித்தனி வரலாறும் தனித்தனிச் சான்றுகளும் கொண்ட பல நோய்கள் அடங்கியிருக்கின்றன. உணவை மறுத்து உடல் மெலிந்துபோகும் அனோரெக்சியா நெர்வோசாவுக்கு அந்தப் பெயர் 1873 இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் வைத்தது. அளவு மீறி உண்டுவிட்டு அதை ஈடுசெய்ய உடலை வருத்தும் புலிமியா நெர்வோசாவை ஜெரால்ட் ரஸ்ஸல் 1979 இல்தான் தனி நோயாக விவரித்தார். ஈடுசெய்யும் செயல் இல்லாமல், அளவு மீறி உண்பது மட்டுமே தொடரும் கோளாறு, 2013 இல் வெளியான அமெரிக்க உளநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் தனி இடம் பெற்றது. இவற்றைக் கலந்து பேசுவதுதான் நான் கேட்ட விவாதங்களில் அடிக்கடி நேரும் பிழை. ஃபுளூஆக்ஸெடின் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். புலிமியா உள்ள 387 பெண்களைக் கொண்டு நடந்து 1992 இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் பெற்றவர்களிடம் எட்டு வாரத்தில் மருந்துப்போலி, அதாவது மருந்தில்லாத போலி மாத்திரை, பெற்றவர்களைவிடத் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. அதே மருந்தை, எடை மீண்ட அனோரெக்சியா நோயாளிகள் 93 பேரிடம் சோதித்த 2006 ஆம் ஆண்டு ஆய்வில் எந்தப் பயனும் தெரியவில்லை. "மருந்து வேலை செய்யும்" என்று ஒருவரும் "செய்யாது" என்று மற்றொருவரும் மேசையைத் தட்டினால் இருவர் சொல்வதும் சரிதான்; பேசும் நோய்தான் வேறு.

ஆகவே நோய், வயது, எதோடு ஒப்பிடுகிறோம், எதை அளக்கிறோம், எப்போது அளக்கிறோம் என்ற ஐந்தும் தலைப்பிலேயே வந்துவிட வேண்டும். "பதினெட்டு வயதுக்கு மேற்படாத அனோரெக்சியா நோயாளிகளுக்கு, சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து முழு மீட்சி என்ற அளவுகோலில், குடும்பம் சார்ந்த சிகிச்சை தனிநபர் சிகிச்சையைவிட மேலானது" என்பது நாங்கள் பின்னர் எடுத்துக்கொண்ட தலைப்பு. சுவரொட்டியில் இடம் கொள்ளவில்லை என்று குழுவில் ஒருவர் குறைபட்டுக்கொண்டார். சுவரொட்டியையே விட்டுவிட்டோம்.

அடுத்தது, ஒப்பீட்டு ஆய்வு என்றால் என்ன என்பதை வாதம் தொடங்குமுன் அவையோருக்குப் புரியவைப்பது. இதற்கு மருத்துவ நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை, ஆடுதுறையே போதும். 1922 முதல் அங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. புதிய ரகத்தைத் தலைமடை வயலிலும் பழைய ரகத்தைக் கடைமடை வயலிலும் நட்டுவிட்டு, புதியது மூட்டைக் கணக்கில் முந்திவிட்டது என்று ஒருவர் சொன்னால், நம் பகுதி விவசாயி எவரும் சிரித்துவிடுவார். தண்ணீர் முந்தி வந்த வயல் அது என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு ரகமும் எந்தப் பாத்திக்குப் போகும் என்பதைக் குலுக்கலுக்கு விட்டுவிட வேண்டும் என்ற முறையை 1920களில் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் வகுத்ததும், இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் என்ற வேளாண் ஆய்வு நிலையத்தின் வயல்களைப் பார்த்துத்தான். மருத்துவம் அதைப் பின்னர் எடுத்துக்கொண்டது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடந்த, காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தின் ஆய்வு 1948 இல் வெளிவந்தது. உண்ணல் கோளாற்றிலும் தலைமடை நோயாளிகள் உண்டு. நோய் தொடங்கிச் சில மாதங்களே ஆன, பெற்றோர் இருவரும் கூடவே இருக்கும், மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் காசைப் பற்றிக் கவலைப்படாத நோயாளிகள் அவர்கள். குலுக்கல் இல்லாமல் ஒரு சிகிச்சை நிலையம் தன் வெற்றிக் கணக்கை மட்டும் காட்டினால், அங்கே வந்து சேர்ந்தவர்கள் எந்த மடையைச் சேர்ந்தவர்கள் என்பதே எதிரணியின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இந்த உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. நெற்பயிர் சோதனையின் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போவதில்லை, நோயாளிகள் போய்விடுகிறார்கள். புலிமியாவுக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையையும், மனித உறவுகளை மையமாகக் கொண்ட மற்றொரு பேச்சுச் சிகிச்சையையும் 220 பேரிடம் ஒப்பிட்ட ஆய்வு 2000 இல் வெளியானது. சிகிச்சையை முடித்தவர்களை மட்டும் கணக்கிட்டால், குணமானவர்கள் முதல் பிரிவில் 45 விழுக்காடு, இரண்டாவதில் 8 விழுக்காடு. பாதியில் நின்றவர்களையும் சேர்த்துத் தொடக்கத்தில் பிரிக்கப்பட்ட அனைவரையும் கணக்கிட்டால் 29, 6 என்று இறங்கிவிடுகிறது. சிகிச்சை முடிந்தபின் தொடர்ந்து கவனித்தபோதோ, இரண்டாம் பிரிவினர் மெல்ல முன்னேறி வர, இரண்டு சிகிச்சைகளுக்கும் இடையில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லாமல் போயிற்று. ஒரே ஆய்விலிருந்து மூன்று பேச்சாளர்கள் மூன்று உண்மைகளை எடுத்து, மூன்று எதிரெதிரான முடிவுகளுக்கு வர முடியும். எனவே எண்ணைச் சொல்பவர் அது யாரை வைத்துக் கணக்கிட்டது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தோம். சொல்லாத எண்ணை நடுவர் கணக்கில் சேர்க்க மாட்டார்.

நாங்கள் எடுத்துக்கொண்ட தலைப்புக்கான முதன்மைச் சான்று 2010 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு. 12 முதல் 18 வயது வரையிலான 121 பேர் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவில், பிள்ளைக்கு உணவூட்டும் பொறுப்பைத் தொடக்கத்தில் பெற்றோர் ஏற்றுக்கொண்டு பின்னர் படிப்படியாகப் பிள்ளையிடமே திருப்பித் தரும் குடும்பம் சார்ந்த சிகிச்சை. மற்றொன்றில் வளரிளம் பருவத்தினரைத் தனியே வைத்துப் பேசும் சிகிச்சை. ஓராண்டுச் சிகிச்சை முடிந்த நாளில் முழு மீட்சி அடைந்தவர்கள் 42 விழுக்காடும் 23 விழுக்காடும். பார்வைக்குப் பெரிய இடைவெளிதான். ஆனால் தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடும் என்ற ஐயத்தை விலக்கப் புள்ளியியல் போடும் கோட்டை அது மயிரிழையில் தாண்டவில்லை. மேலும் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது 49, 23 என்றாகி, கோட்டைத் தாண்டியது.

இந்த ஒரு பத்தியை வைத்தே ஒரு மாலை முழுவதும் வாதிடலாம், நாங்கள் வாதிட்டோம். வேறுபாடு நிறுவப்படவில்லை என்பதும், வேறுபாடு இல்லை என்று நிறுவப்பட்டது என்பதும் ஒன்றல்ல என்பதை எதிரணிப் பேச்சாளர் புரிந்துகொள்வதற்குள் அவருக்குரிய நேரம் தீர்ந்துவிட்டது. முழு மீட்சி என்பதற்கு அந்த ஆய்வாளர்கள் எடையோடு மனநிலை அளவீட்டையும் சேர்த்துக் கடுமையான வரையறை வைத்திருந்தார்கள். எடையை மட்டும் பார்த்திருந்தால் எண்கள் வேறாக இருந்திருக்கும். ஆதரித்துப் பேசிய அணி, சிறந்த சிகிச்சையிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் முழு மீட்சி அடையவில்லை என்பதைத் தானாகச் சொல்லவில்லை. ஒரு தாய் எழுந்து கேட்ட பிறகே சொன்னது. குடும்பச் சிகிச்சைக்கு மூலமான 1987 ஆம் ஆண்டு லண்டன் ஆய்வை மேற்கோள் காட்டுபவர்களிடமும் ஒன்றைக் கேட்க வேண்டும். அதில் மொத்தம் 80 பேர் இருந்தாலும், குடும்பச் சிகிச்சை மேலானது என்ற முடிவு இளவயதில் நோய் தொடங்கி மூன்றாண்டு நிறையாத 21 பேர் கொண்ட சிறு பிரிவுக்கே உரியது.

பெரியவர்களைப் பற்றிய வாதம் இதைவிடக் கடினமானது. ஜெர்மனியில் 242 பேரிடம் மூன்று சிகிச்சைகளை ஒப்பிட்ட 2014 ஆம் ஆண்டு ஆய்வில் சிகிச்சை முடிவில் எதுவும் முந்தவில்லை. மூன்று பிரிவினரும் எடையில் தேறினார்கள். எந்தச் சிகிச்சையும் தராமல் ஒரு பிரிவை விட்டுவைக்க அறம் இடம் தராது என்பதால், "மூன்றும் பயன்பட்டன" என்பதையும் "காலம்தான் தேற்றியது" என்பதையும் அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல இயலாது. நியூசிலாந்தில் 56 பெண்களிடம் நடந்த 2005 ஆம் ஆண்டு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒப்பீட்டுக்காக வைத்திருந்த, தனிக் கோட்பாடு எதுவுமில்லாத ஆதரவான மருத்துவக் கவனிப்பே அதில் முன்னால் வந்தது. பல ஆண்டுகள் கழித்து அதே பெண்களைப் பார்த்தபோது அந்த முந்துதலும் நிற்கவில்லை.

இனி இடத்தைப் பற்றியது. மேலே சொன்ன எந்த ஆய்வும் நம் பக்கத்தில் நடந்ததல்ல. இதை எதிரணி கையில் எடுக்கும், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் "அது வெள்ளைக்காரர்களுக்கு" என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொண்டால் அது வாதமாகாது. எந்த இடத்தில் வேறுபடுகிறது என்று காட்ட வேண்டும். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்கள் கூட்டத்துக்கு வந்த தாய் ஒருவர், தம் மகள் உடல் பருத்துவிடும் என்று ஒருநாளும் சொன்னதில்லை என்றார். "வயிறு திம்முனு இருக்கும்மா, சோத்தப் பாத்தாலே ஒமட்டுதுன்னுதான் சொல்லும்" என்பது அவர் சொன்ன சொல். ஹாங்காங்கில் 70 சீன நோயாளிகளை ஆராய்ந்து 1993 இல் வெளியான கட்டுரையில் 41 பேரிடம் பருமன் குறித்த அச்சமே காணப்படவில்லை. உடல் தோற்றம் பற்றிய கவலையைக் குறிவைக்கும் சிகிச்சை இத்தகையோருக்கு எந்த அளவு பொருந்தும் என்பது நேர்மையான கேள்வி.

அளவுகோலும் அப்படித்தான். வட இந்தியச் சிறு நகரமொன்றின் பள்ளி மாணவியரிடம் உண்ணும் மனப்பான்மை வினாத்தாளைக் கொடுத்து 1989 இல் வெளியிட்ட ஆய்வில் பலர் உயர்ந்த மதிப்பெண் பெற்றார்கள்; நோன்புப் பழக்கமும் மொழிபெயர்ப்பில் பொருள் மாறிய சில வினாக்களுமே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். உணவைச் சிறு துண்டுகளாக வெட்டுகிறீர்களா என்று அந்த வினாத்தாள் கேட்கிறது. சோற்றைப் பிசைந்து உண்பவர் அதற்கு என்ன சொல்வார்? சஷ்டி, ஏகாதசி, வெள்ளிக்கிழமை என்று விரதம் இருக்கும் வீட்டில், விரதம் எங்கே முடிந்து நோய் எங்கே தொடங்குகிறது என்று வினாத்தாள் மட்டும் சொல்லிவிடாது. குடும்பம் என்ற சொல்லும் இங்கே விரிகிறது. தந்தை சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, அப்பத்தா சோறு போடும் வீட்டில் பெற்றோர் பொறுப்பு என்பது யாருடைய பொறுப்பு? இவற்றையெல்லாம் கேள்வியாக வைக்கலாம். சான்றாக வைக்க முடியாது. காசநோயாளிக்குச் சானட்டோரியமும் சத்துணவும் ஓய்வும் இன்றியமையாதவை என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, வீட்டிலிருந்தே மருந்து உண்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959 இல் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. உள்ளூர் நிலைமை வேறு என்று சொல்வதோடு நிற்காமல் அதைச் சோதித்தும் பார்த்தார்கள்.

நடத்தும் முறையில் சில எச்சரிக்கைகள். அவையில் நோய் உள்ளவரும் இருப்பார் என்று எண்ணிக்கொண்டே பேச வேண்டும். கிலோ கணக்கு, கலோரிக் கணக்கு, உடலை வருத்திய வழிமுறை ஆகிய மூன்றும் மேடையில் வரக்கூடாது. நோயாளிக்கு அவை போட்டிக்கான இலக்காக மாறிவிடும். இந்தக் கட்டுரையிலும் அவற்றைத் தவிர்த்திருக்கிறேன். சொந்த அனுபவம் சொல்ல விரும்புபவருக்கு வாதத்துக்கு முன் தனி நேரம் ஒதுக்குங்கள். வாதத்தின் நடுவே ஒருவர் தம் மகளின் கதையைச் சொல்லிவிட்டால் எதிரணியால் மறுத்துப் பேச முடியாது. பேசினால் அது கொடுமையாகிவிடும். 36 ஆய்வுகளைத் தொகுத்த 2011 ஆம் ஆண்டுக் கட்டுரை, அனோரெக்சியா நோயாளிகளின் இறப்பு விகிதம் ஒத்த வயதினருடையதைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு என்றும், அந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை என்றும் கணக்கிட்டது. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, தற்கொலை எண்ணம் உள்ளவர் விவாதத்தின் முடிவுக்காகக் காத்திருக்கலாகாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416 ஐக் கரும்பலகையின் மூலையில் முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறோம்.

தீர்ப்பைப் பொறுத்தவரை, எந்த அணி வென்றது என்று நடுவர் சொல்வதை நிறுத்திவிட்டோம். அதற்குப் பதிலாக, ஒவ்வொருவரும் வாதத்துக்கு முன்னும் பின்னும் ஒரு துண்டுத்தாளில் தம் கருத்தையும், என்ன சான்று கிடைத்தால் அதை மாற்றிக்கொள்வார் என்பதையும் எழுதித் தருகிறார்கள். நடுவர் அவற்றை வாசிக்கிறார். பாதித் தாள்களில் "மாற மாட்டேன்" என்றே இருக்கும், அதையும் வாசித்துவிடுகிறோம். சென்ற கூட்டத்தில் செவிலியர் மாணவி ஒருவர், "நம்ம ஜில்லாவுல பத்துக் குடும்பத்தை ரெண்டு வருஷம் பாத்துட்டு வந்து சொல்லுங்க, மாத்திக்கிறேன்" என்று எழுதியிருந்தார். பத்துக் குடும்பம் போதுமா என்பதுதான் அடுத்த கூட்டத்தின் தலைப்பு.