பிசிஓஎஸ், மனச்சோர்வு, பாதத்தில் ஊர்ந்த எறும்பு

பிசிஓஎஸ் என்ற சினைப்பை-ஹார்மோன் கோளாறுக்காக நான்கு வருடமாக மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய்க்கும் தரும் மாத்திரை) சாப்பிடுகிறேன். போன ஆடியில் ஆரம்பித்தது தொல்லை. காலையில் எழுந்ததும் அழுகை, எதற்கெடுத்தாலும் எரிச்சல். குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதுகூட நினைவில் நிற்காது.

தைராய்டு பார்த்தோம், சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 12.6. "எடையைக் குறைங்கம்மா, மனசு தானா சரியாகும்" என்றார் டாக்டர். இரண்டு மாதம் நடந்து மூன்று கிலோ குறைத்தேன். மனசு அப்படியேதான் இருந்தது.

இதற்கிடையில் இரவானால் பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருக்கும். செருப்புதான் காரணம் என்று புதுசு வாங்கினேன். மனசோடு அதைச் சேர்த்து யோசிக்கவே இல்லை.

வேறொரு மகளிர் மருத்துவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னதும், "மெட்ஃபார்மின் எத்தனை வருஷமா? சைவமா?" என்று கேட்டார். ரத்தத்தில் வைட்டமின் பி12 பார்த்தால் 142 pg/mL. 200-க்குக் கீழே போனாலே குறைபாடுதான். அது குறைந்தால் நரம்பும் மனசும் பாதிக்கப்படலாமாம். மெட்ஃபார்மினை நெடுநாள் எடுத்தால் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையுமாம். நான் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் போட்டுவந்ததால் ரத்தசோகை வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம் என்றார்.

அங்கேயே மனச்சோர்வுக்கான 9 கேள்வித் தாளையும் நிரப்பச் சொன்னார்: 27-க்கு 16 (எண் கூடக்கூட மனச்சோர்வு அதிகம்). பிசிஓஎஸ் உள்ள எல்லோரிடமும் மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்று பிசிஓஎஸ்ஸுக்கான 2023 சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை. பி12 ஊசி, வாரம் ஒரு கவுன்சிலிங். ஒரு மாதத்தில் எறும்பு நின்றது. அழுகை போக மூன்று மாதம் ஆனது. போன வாரம் அதே தாளில் 5.