வகுப்பறைக் கதவுக்கு இந்தப் பக்கம்: பள்ளித் துப்பாக்கிச் சூடு பற்றிய குறும்படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளித் துப்பாக்கிச் சூட்டின்போது மாணவர்களைக் காக்கும் ஆசிரியையைப் பற்றிக் குறும்படம் எடுக்கப் புறப்படுகிறவர்களில் பலர் முதல் ஷாட்டிலேயே சறுக்கிவிடுகிறார்கள். கதை ஆசிரியையுடையது, ஆனால் திரையில் முதலில் தெரிவதோ பைக்குள் துப்பாக்கியை வைத்து ஜிப்பை இழுக்கும் ஒரு கை. பிறகு சுட வருகிறவனுடைய அறை, அவனுடைய மனக்குறை, அவன் நடந்து வரும்போது ஒலிக்கும் இசை என்று பன்னிரண்டு நிமிடப் படத்தில் நான்கு நிமிடங்களை அவனே எடுத்துக்கொள்கிறான். 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் சுட்டவர்களைப் பிற்காலத்தில் சுட்டவர்கள் பலர் முன்மாதிரியாகக் கொண்டார்கள் என்பது தெரிந்த செய்தி. கொலையாளியின் பெயரையும் படத்தையும் இயன்றவரை தவிர்க்குமாறு அமெரிக்க ஊடகங்களிடம் வேண்டுகோள் வைக்கப்படுவது அதனால்தான். குறும்படத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் எளிது, ஏனெனில் கேமரா வகுப்பறையை விட்டு வெளியே போகவே வேண்டியதில்லை. 2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேரைக் கொன்றவன் எந்த வகுப்பறைக்குள்ளும் காலெடுத்து வைக்கவில்லை. கதவிலிருந்த கண்ணாடி வழியாகவே உள்ளே இருந்தவர்களைச் சுட்டான். உள்ளே இருந்தவர்களில் பலர் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்வையாளர் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?

கதவைப் பற்றி எழுத்தாளர்கள் போதிய அளவு யோசிப்பதில்லை. ஆசிரியை ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போடுகிறாள், அலமாரியைத் தள்ளிக் கதவை மறிக்கிறாள் என்று எழுதிவிடுகிறார்கள். கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் வகுப்பறைக் கதவுகளை வெளியிலிருந்து சாவி போட்டுத்தான் பூட்ட முடிந்தது. 2012 டிசம்பர் 14 அன்று அங்கே சுமார் ஐந்து நிமிடங்களில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். அதன்பின் மாநில அரசு அமைத்த குழு, வகுப்பறைக் கதவுகள் அனைத்தும் உள்ளிருந்தே பூட்டக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பழைய பூட்டு உள்ள வகுப்பறையில் ஆசிரியை சாவிக்கொத்தில் சரியான சாவியைத் தேட வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், சத்தம் வரும் நடைவழிக்குள் கையை நீட்டித் துவாரத்தில் சாவியைத் திருக வேண்டும், மறுபடி உள்ளே வந்து கதவைச் சாத்த வேண்டும். இந்தப் பத்து விநாடிகளை வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுத்தாலே படத்தின் பாதி அங்கே நிற்கும். அலமாரியைத் தள்ளும் காட்சிக்கும் ஒரு சிக்கல் உண்டு: பல பள்ளிகளில் வகுப்பறைக் கதவு நடைவழிப் பக்கமாகத்தான் திறக்கும். வெளிப்புறம் இழுத்துத் திறக்கும் கதவுக்குப் பின்னால் எதை நிறுத்தினாலும் அது கதவைப் பிடித்து வைக்காது.

அடுத்தது குழந்தைகளை எங்கே உட்கார வைப்பது என்பது. மேசைக்கடியில் ஒளிய வைக்கும் காட்சியைப் படத்துக்குப் படம் பார்க்கலாம். அது நிலநடுக்கப் பயிற்சி. ஆயுதத்தோடு யாராவது பள்ளிக்குள் வந்தால் வகுப்பறையைப் பூட்டிக்கொண்டு ஒளிந்திருக்கும் லாக்டவுன் பயிற்சியில் அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சொல்லித்தரப்படுவது கதவைப் பூட்டுதல், விளக்கை அணைத்தல், கண்ணில் படாமல் இருத்தல் ஆகிய மூன்றுதான். கதவுக் கண்ணாடி வழியே பார்ப்பவனுக்குத் தெரியாத மூலை எதுவோ அங்கேதான் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார வேண்டும். பார்க்லாண்டில் சில வகுப்பறைகளில் அந்த மூலைகளை மேசையும் அலமாரியும் அடைத்திருந்ததால் எல்லோருக்கும் இடம் போதவில்லை என்று பின்னர் நடந்த விசாரணை கண்டறிந்தது. எனவே இயக்குநர் முதலில் செய்ய வேண்டியது கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்து, எந்த மூலை மறைகிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு போடுவது. அந்தக் கோட்டுக்குள் இருபது குழந்தைகள் அடங்குவார்களா என்ற கேள்வியிலிருந்தே நல்ல காட்சி ஒன்று பிறக்கும்.

ஒலியில் செய்யப்படும் தவறு வேறு வகையானது. இணையத்தில் கிடைக்கும் வெடியோசையை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். அது கேட்ட மாத்திரத்தில் ஆசிரியைக்கும் எல்லாம் விளங்கிவிடுகிறது. தப்பிப் பிழைத்தவர்கள் பலமுறை சொல்லியிருப்பது வேறு: நாற்காலி விழுகிறது, பட்டாசு வெடிக்கிறது, யாரோ இரும்பைத் தட்டுகிறார்கள் என்றே முதலில் நினைத்திருக்கிறார்கள். அவள் பாடத்தை நிறுத்தாமல் இன்னொரு வரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, கை பாதியில் நிற்கும்படி இரண்டாவது சத்தத்தைக் கேட்கட்டும். பார்க்லாண்டில் துப்பாக்கிச் சூட்டால் தீயணைப்பு அலாரம் ஒலித்தது; அதைக் கேட்டு மாணவர்கள் நடைவழிக்கு வந்தார்கள். அலாரம் அடித்தால் வெளியேறு என்று ஆண்டுதோறும் பழகிய ஆசிரியை அதை மீறி உள்ளேயே இருக்க முடிவெடுப்பது, வசனமே இல்லாமல் நடிக்கக்கூடிய காட்சி. அதன்மேல் வயலினை ஏற்றிக் கெடுக்க வேண்டாம்.

மிகப் பெரிய தவறாக நான் கருதுவது ஆசிரியையை வீராங்கனையாக எழுதுவதை. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் லிவியு லிப்ரெஸ்கு என்ற 76 வயதுப் பேராசிரியர், நாஜி இன அழிப்பிலிருந்து உயிர் தப்பியவர், வகுப்பறைக் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மாணவர்களில் பெரும்பாலோர் ஜன்னல் வழியே குதித்துத் தப்பினார்கள், அவர் கொல்லப்பட்டார். அங்கே உரை நிகழ்த்த நேரமில்லை. சாண்டி ஹுக்கில் ஒரு முதல் வகுப்பு ஆசிரியை 15 குழந்தைகளை மிகச் சிறிய கழிப்பறைக்குள் அடைத்துப் பூட்டிக்கொண்டார். காவலர்கள் வந்து கதவைத் தட்டியபோதும் அவர் திறக்கவில்லை. காவலர்தான் என்றால் அடையாளச் சின்னத்தைக் கதவிடுக்கு வழியே தள்ளுங்கள் என்றார், அதைப் பார்த்தபின்னும் சாவியைக் கொண்டுவந்து நீங்களே திறந்துகொள்ளுங்கள் என்றார். திரைக்கதைகளிலோ கதவு தட்டப்பட்டதும் ஆசிரியை அழுதுகொண்டே ஓடித் திறந்துவிடுகிறாள். காத்தல் என்பது அந்த அறையில் தினசரி வேலையின் தொடர்ச்சிதான். பேசாதே என்று விரலை உதட்டில் வைப்பது, கையைப் பிடித்து உட்கார வைப்பது, எண்ணிப் பார்ப்பது எல்லாம் அவள் நேற்றும் செய்தவை.

எண்ணிப் பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆறு வயதுக் குழந்தைகளை ஒரே கூட்டமாக, எல்லோரும் ஒரே மாதிரி விம்முகிறவர்களாக எழுதுகிறார்கள். ஒருவன் சிரிப்பான், ஒருத்திக்குச் சிறுநீர் முட்டும், ஒருவன் இது பயிற்சிதானே என்று சத்தமாகக் கேட்பான். வருகைப் பதிவேட்டில் இருபது பெயர் இருக்க, மூலையில் பத்தொன்பது பேர் என்றால், கழிப்பறைக்குப் போன குழந்தை வெளியே இருக்கிறது. அந்தக் குழந்தை திரும்பி வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது? பூட்டிய கதவை யாருக்காகவும் திறக்காதே என்பதே பயிற்சி. இந்த முடிச்சை மலிவாக அவிழ்த்துவிடக் கூடாது. அவள் திறந்து, குழந்தையை அணைத்து, எல்லாம் நலமாக முடிவது எவ்வளவு பொய்யோ, அதிர்ச்சிக்காக அந்தக் குழந்தையைக் கொல்வதும் அவ்வளவே பொய்.

காவல் துறை சரியான நேரத்தில் பாய்ந்து வரும் என்பதும் திரைப் பழக்கம். கொலம்பைனில் குண்டடி பட்ட ஓர் ஆசிரியர் மணிக்கணக்காக இரத்தம் வடிந்து இறந்தார். மாணவர்கள் தங்கள் சட்டைகளால் காயத்தை அழுத்திப் பிடித்து, ஒருவர் இரத்தம் வடிந்து இறந்துகொண்டிருக்கிறார் என்று பலகையில் எழுதி ஜன்னலில் காட்டினார்கள். காத்திருக்காமல் உள்ளே போக வேண்டும் என்று அதன்பின் காவலர் பயிற்சி மாறியது. அப்படியிருந்தும் 2022 மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டியில் கொலையாளி பள்ளிக்குள் நுழைந்ததிலிருந்து காவலர்கள் அவனை வீழ்த்தும்வரை 77 நிமிடங்கள் கழிந்தன. ஐந்து நிமிடமா, எழுபத்தேழு நிமிடமா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டு, நீர் தாகத்திலிருந்து மரத்துப்போகும் கால்வரை எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

படப்பிடிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்சிகோவில் ஒரு படத்தளத்தில், ஒத்திகைக்கு எடுத்த கைத்துப்பாக்கியில் உண்மைத் தோட்டா இருந்ததால் ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். கேமரா அறைக்குள்ளேயே இருந்தால் தளத்துக்குத் துப்பாக்கியே தேவையில்லை. ஒலியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். குழந்தைகளைத் திடுக்கிட வைத்து முகபாவம் வாங்கும் தந்திரம் அறவே கூடாது. அமெரிக்கப் பள்ளிகளில் படிக்கும் குழந்தைகள் இந்தப் பயிற்சியை நிஜமாகவே செய்கிறவர்கள். எந்தச் சத்தம் எப்போது வரும் என்று பெற்றோர் முன்னிலையில் அவர்களிடம் சொல்லிவிட்டே எடுக்க வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் முன்கூட்டியே அறிவிக்காமல் பள்ளி வளாகத்தில் ஓட்டமும் அலறலுமாகப் படமெடுத்தால் யாராவது அமெரிக்க அவசர உதவி எண்ணான 911-ஐ அழைப்பார்கள், ஆயுதத்தோடு வந்து இறங்குகிறவர்களுக்கு அது படம் என்று தெரிந்திருக்காது.

கதவு திறந்ததும் திரையை இருட்டாக்கிவிடுவது கடைசித் தவறு. அதன்பிறகும் அவளுக்கு வேலை இருக்கிறது: குழந்தைகள் ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து வரிசையாக வெளியேற வேண்டும், வேறோர் இடத்தில் பெற்றோர் அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்திட்டுத் தத்தம் பிள்ளையைப் பெற்றுக்கொள்ள வேண்டும், அதுவரை அவள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இருபதாவது பெயருக்கு நேரே கையெழுத்து விழும்வரை கேமரா அந்தத் தாளிலேயே இருக்கலாம்.