20 பைட் பேக்கப்: புதிதாக டேட்டாபேஸ் பொறுப்பேற்பவர்களுக்கு

கிண்டி தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் விற்கும் ஒரு நிறுவனத்தில்தான் நான் முதன்முதலில் டேட்டாபேஸ் பொறுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் முதலாளி கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, பேக்கப் தினமும் போகுதுல்ல?" ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். தேதிவாரியாக ஃபைல்கள் வரிசைகட்டி நின்றன. "போகுது சார்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து டீலர் பாக்கிக் கணக்கு டேபிளை யாரோ மொத்தமாக அழித்துவிட்டார்கள். அப்போதுதான் ஃபைலின் அளவைப் பார்த்தேன். 20 பைட். முந்தைய நாளும் 20 பைட். அதற்கு முந்தைய நாளும். எப்போதோ பாஸ்வேர்டை மாற்றிய ஆள் பேக்கப் ஸ்கிரிப்ட்டில் அதை மாற்ற மறந்திருக்கிறார். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸிலிருந்து நகல் எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் தினமும் உள்ளே நுழைய முடியாமல் திரும்பியிருக்கிறது. அது தருவதை வாங்கிச் சுருக்கும் ஜிஜிப் மட்டும் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்திருக்கிறது. ஒன்றுமே இல்லாததை ஜிஜிப்பிடம் கொடுத்தால் வருவது சரியாக 20 பைட்.

பாஸ்வேர்ட், ஃபயர்வால் என்று தொடங்குவதுதான் வழக்கம். நான் பேக்கப்பிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இதுதான். லினக்ஸில் ஓடும் மைஎஸ்கியூஎல்லை வைத்துச் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் என்றாலும் வரிசை இதேதான், கமாண்டுகள்தான் மாறும். முழுக் கமாண்டுகளை நான் தரவில்லை, பெயர்களை மட்டும் சொல்கிறேன். மேனுவலைத் திறந்து நீங்களே எழுதிப் பாருங்கள். அர்த்தம் புரியாமல் ஒட்டிய கமாண்டால் வந்த வினைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

படி 1: முதல் வாரம் எதையும் தொடாதீர்கள்

எந்த வெர்ஷன், எத்தனை டேட்டாபேஸ், ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது, யார் யாருக்கு யூசர் கணக்கு, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே தொடங்கும் கிரானில் என்னென்ன வேலை ஓடுகிறது, டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். 'ஷோ பிராசஸ்லிஸ்ட்' கொடுத்தால் இந்த நிமிடம் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியும். காலை பத்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காது.

படி 2: பேக்கப் எடுங்கள், உடனே ரீஸ்டோர் செய்யுங்கள்

மைஎஸ்கியூஎல்டம்ப்புடன் 'சிங்கிள் டிரான்சாக்‌ஷன்' என்ற ஆப்ஷனைச் சேர்த்தால், பில் போடும் வேலை நிற்காமலே ஒரு குறிப்பிட்ட நொடியின் நிலவரம் முழுதாகக் கிடைக்கும். டேபிள்களைச் சேமிக்கும் முறைகளில் இன்னோடிபி என்பதற்குத்தான் இது பொருந்தும். மைஐசாம் என்ற பழைய முறை டேபிள்கள் ஒளிந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். டேபிள் மாறும்போது தாமே ஓடும் ட்ரிக்கர்கள் பேக்கப்பில் தானாகவே வந்துவிடும். டேட்டாபேஸுக்குள் எழுதி வைத்த ஸ்டோர்டு புரொசீஜர்களும், குறித்த நேரத்தில் ஓடும் ஈவென்ட்களும் வராது, கேட்டு வாங்க வேண்டும். இதைக் கவனிக்காதவர்கள்தான் ரீஸ்டோர் செய்த பிறகு "ரிப்போர்ட் வரலையே" என்று தலையைச் சொறிவார்கள்.

ஸ்கிரிப்ட்டில் 'பைப்ஃபெயில்' என்ற அமைப்பை (ஸ்கிரிப்ட்டை ஓட்டும் பாஷ் ஷெல்லில் உள்ளது) கட்டாயம் போடுங்கள். அது இல்லாவிட்டால் சங்கிலியில் கடைசியாக நிற்கும் ஜிஜிப் சொல்லும் "வெற்றி"தான் முழு வேலையின் முடிவாகப் பதிவாகும். என்னைக் கவிழ்த்தது அதுதான். கூடவே, இன்றைய ஃபைல் நேற்றையதில் பாதிக்கும் கீழே இருந்தால் மெயில் அனுப்ப இரண்டு வரி எழுதுங்கள். பாஸ்வேர்டைக் கமாண்டிலேயே தட்டாதீர்கள், ஹிஸ்டரியில் தங்கிவிடும். தனி ஆப்ஷன் ஃபைலில் வைத்து, உங்களைத் தவிர யாரும் படிக்காதபடி 600 பெர்மிஷன் கொடுங்கள்.

அப்புறம் அந்த ஃபைலை வேறொரு கணினிக்கு எடுத்துப்போய் ரீஸ்டோர் செய்யுங்கள். மாதம் ஒருமுறையாவது. முக்கியமான நான்கைந்து டேபிள்களின் வரிசை எண்ணிக்கையை ஒப்பிடுங்கள், எவ்வளவு நேரம் பிடித்தது என்று நோட்டில் குறியுங்கள். முதலாளி "எப்ப சரியாகும்?" என்று கேட்கும்போது சொல்ல ஒரு பதில் வேண்டுமல்லவா? பெரிய இடங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. ஜனவரி 31, 2017 அன்று புரோகிராம் கோடுகளைச் சேமிக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப், ரெப்ளிகேஷன் (இன்னொரு சர்வரில் உடனுக்குடன் நகல்) ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் சரியாகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஆறு மணி நேரத்துக்கு முந்தைய நகல்தான் காப்பாற்றியது.

ஒரு நகல் சென்னைக்கு வெளியே இருக்கட்டும். டிசம்பர் 2015 இல் அடையாறு கரை மீறியபோது தரைத்தளத்தில் இருந்த சர்வரும், அதன் பக்கத்து அலமாரியில் இருந்த பேக்கப் டிஸ்க்கும் ஒரே தண்ணீரில்தான் நின்றிருக்கும். வேளச்சேரிக் கிளையில் வைக்கலாமே என்பீர்கள். 2023 இல் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி எப்படி இருந்தது என்று அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். கிளவுடில் போடுவதென்றாலும் ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அமேசானுக்கு இந்தியாவில் மும்பையும் ஹைதராபாத்தும் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் அஸ்யூரில் 'சவுத் இந்தியா' என்று இருப்பது சென்னையேதான்! வெளியே போகும் நகலை என்கிரிப்ட் செய்துவிடுங்கள். அதை அழிக்கும் உரிமை உங்கள் சர்வரின் கணக்குக்கு இருக்கக் கூடாது. டேட்டாவை முடக்கிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் சர்வருக்குள் புகுந்தால் பேக்கப்பையும் தேடித்தான் போகும்.

படி 3: கதவைச் சாத்துங்கள்

மைஎஸ்கியூஎல் 3306 ஆம் போர்ட்டில் காது கொடுத்துக் காத்திருக்கும், போஸ்ட்கிரெஸ் 5432 இல். இந்தப் போர்ட்கள் இணையத்துக்குத் திறந்திருக்கவே வேண்டாம். அப்ளிகேஷனும் டேட்டாபேஸும் ஒரே சர்வரில் என்றால் 'பைண்ட் அட்ரஸ்' 127.0.0.1 (அதே கணினியின் முகவரி) போதும். வேறு வேறு சர்வர் என்றால் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் ஃபயர்வாலில் வழி விடுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் விபிஎன் அல்லது எஸ்எஸ்எச் டனல் என்ற என்கிரிப்ட் செய்த தனி வழியாக வரட்டும். 2017 தொடக்கத்தில் பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த மாங்கோடிபி டேட்டாபேஸ்கள் ஆயிரக்கணக்கில் துடைக்கப்பட்டு, உள்ளே பணம் கேட்டு ஒரு சீட்டு மட்டும் விடப்பட்டிருந்தது. பூட்டை யாரும் உடைக்கவில்லை, பூட்டே இல்லை.

படி 4: யாருக்கு எந்தச் சாவி

பால் போட வருபவருக்கு கேட் திறந்திருந்தால் போதும், பீரோ சாவி எதற்கு? ஆனால் நான் பார்த்த சின்ன நிறுவனங்களில் பாதிக்கு மேல் பில்லிங் சாஃப்ட்வேர் எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்ளிகேஷனுக்குத் தனிக் கணக்கு, அதன் சொந்த டேட்டாபேஸில் மட்டும் செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலீட் (படிக்க, சேர்க்க, மாற்ற, அழிக்க). ரிப்போர்ட் எடுப்பவருக்கு வெறும் செலக்ட். ஆளுக்கொரு கணக்கு, பொதுக் கணக்கு வேண்டாம். இல்லாவிட்டால் டேபிளை அழித்தது யார் என்று கடைசிவரை தெரியாது. எங்களுக்குத் தெரியவே இல்லை. யூசர் பட்டியலில் ஹோஸ்ட் இடத்தில் சதவீதக் குறி இருந்தால் எந்த முகவரியிலிருந்தும் நுழையலாம் என்று அர்த்தம். அதை முடிந்த அளவு சுருக்குங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கை அன்றைக்கே பூட்டுங்கள்.

படி 5: கை தவறும் நேரத்துக்கு ஒரு தடுப்பு

எந்த வரிசைகள் என்ற நிபந்தனையைச் சொல்லும் 'வேர்' (WHERE) இல்லாத டெலீட்தான் எங்கள் டேபிளைத் தின்றது. எனவே கையால் எதையாவது மாற்றும் முன், அதே நிபந்தனையை செலக்ட் கவுண்ட்டில் போட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். 'ஸ்டார்ட் டிரான்சாக்‌ஷன்' கொடுத்துவிட்டு டெலீட் செய்யுங்கள். வரும் எண்ணிக்கை ஒத்துப்போனால் கமிட் (மாற்றம் உறுதி), இல்லாவிட்டால் ரோல்பேக் (பழையபடி). ஒரு எச்சரிக்கை: டேபிளையே நீக்கும் டிராப், அமைப்பை மாற்றும் ஆல்டர், மொத்தமாகக் காலி செய்யும் ட்ரன்கேட் மூன்றும் மைஎஸ்கியூஎல்லில் தாமே கமிட் ஆகிவிடும், ரோல்பேக் உதவாது. கிளையன்ட்டில் 'சேஃப் அப்டேட்ஸ்' ஆப்ஷனைப் போட்டு வைத்தால் 'வேர்' இல்லாத டெலீட்டை அதுவே மறுத்துவிடும்.

ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் பைனரி லாக் ஓடுகிறதா என்றும் பாருங்கள். நேற்றிரவு பேக்கப்புடன் அதைச் சேர்த்தால் விபத்துக்கு முந்தைய நொடிவரை மீட்கலாம். மைஎஸ்கியூஎல் 8 இல் அது இயல்பாகவே ஓடும், 30 நாள் வைத்திருக்கும். எங்களிடம் இருந்தது 5.7, அதில் நாமாகத்தான் ஓடவிட வேண்டும். யாரும் விடவில்லை.

படி 6: அப்டேட்

ஜனவரி 2003 இல் ஸ்லாமர் என்ற வார்ம் (தானே பரவும் தீநிரல்) மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர்களைச் சில நிமிடங்களில் உலகம் முழுக்கத் தாக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஆறு மாதத்துக்கு முன்பே வந்திருந்தது. மைஎஸ்கியூஎல் 5.7 க்கு 2023 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது, இன்னும் அதில் இருந்தால் கிளம்புங்கள். முதலில் ரீஸ்டோர் செய்து பார்த்த அந்த இன்னொரு கணினியில் ஓட்டிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் வேண்டாம்.

சட்டப் பக்கமும் ஒரு வார்த்தை. ஏப்ரல் 2022 இல் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி சைபர் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அதனால் லாக்குகளுக்கும் டிஸ்க்கில் இடம் ஒதுக்குங்கள்.

சரி, அந்த பாக்கிக் கணக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கணக்குப் பிரிவு அக்கா பில் நகல்களை ஒவ்வொன்றாக வாசிக்க, நான் தட்டச்சு செய்தேன். நான்கு நாள் ஆனது. முதலாளி திட்டவில்லை. தினமும் மாலை வந்து, "இன்னைக்கு எத்தனை பைட் தம்பி?" என்று மட்டும் கேட்டார்.