டொர்னடோன்னு ரிப்போர்ட் பண்றதுக்கு முன்னாடி: புயல் பாக்குறவங்க அடிக்கடி செய்யுற தவறுகள்

அமெரிக்காவுல ஏப்ரல், மே, ஜூன் மூணு மாசமும் ஓக்லஹோமா, கான்சாஸ், டெக்ஸாஸ் பக்கம் பெரிய இடி மேகம் கிளம்பினா போதும், அரை மணி நேரத்துக்குள்ள எங்கிருந்தாவது "டொர்னடோ தரையைத் தொட்டுடுச்சு"ன்னு ஒரு ரிப்போர்ட் வந்துடும், அதுல நெறைய ரிப்போர்ட் தப்பு. வேணும்னே பொய் சொல்றவங்களும் இருக்காங்கதான், ஆனா நான் பாத்த வரைக்கும் அவங்க கொஞ்சம் பேர்தான். மத்தவங்க எல்லாம் நெஜமாவே ஏதோ ஒண்ணைப் பாத்தவங்க. பாத்ததைச் சொல்லாம, பாத்து தானா முடிவு கட்டினதைச் சொல்லிடுறாங்க, பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது.

ரேடார் இருக்கும்போது மனுஷன் எதுக்கு ரிப்போர்ட் பண்ணணும்னு கேக்கலாம். ரேடார் கதிர் நேரா போகும், பூமி வளைஞ்சிருக்கு, அதனால தூரம் போகப் போக கதிர் மேல ஏறிடும். ரேடார்ல இருந்து 100 கிலோமீட்டர் தள்ளி இருக்குற ஒரு புயல்ல, ரொம்ப தாழ்வான கதிர்கூட தரையில இருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தைத்தான் பாக்குது. மேல மேகம் சுத்துதுன்னு தெரியும், ஆனா தரையில என்ன நடக்குதுன்னு தெரியாது, அந்த இடைவெளியை நிரப்புறது மனுஷக் கண்ணுதான். அமெரிக்க அரசோட வானிலை அமைப்பான நேஷனல் வெதர் சர்வீஸ் 1970கள்ல இருந்து ஸ்கைவார்ன்னு ஒரு திட்டம் நடத்தி லட்சக்கணக்கான பேருக்கு ஸ்பாட்டர் (புயலைப் பாத்து தகவல் சொல்றவர்) பயிற்சி குடுத்துட்டு வர்றதும் இதுக்காகத்தான். இன்னொண்ணும் சொல்லணும், டாப்ளர் ரேடார்ல (காத்தோட வேகத்தையும் அளக்குற ரேடார்) டொர்னடோவை அடையாளம் காண கத்துக்கிட்டதே புயலைத் துரத்தினவங்களாலதான். 1973 மே 24 அன்னைக்கு ஓக்லஹோமாவுல யூனியன் சிட்டி டொர்னடோவை துரத்திப்போன ஆராய்ச்சியாளர்கள் ஆரம்பத்துல இருந்து கடைசி வரை படம் எடுத்தாங்க, அதே நேரத்துல டாப்ளர் ரேடாரும் அதைப் பதிவு பண்ணுச்சு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தப்போதான் டொர்னடோவுக்குன்னு ரேடார்ல ஒரு தனி அடையாளம் இருக்குறது தெரிஞ்சுது.

அதனால வார்னிங் குடுக்கலாமா வேண்டாமான்னு வெதர் சர்வீஸ்ல ஒருத்தர் யோசிச்சிட்டு இருக்குற அந்த ரெண்டு நிமிஷத்துல உங்க போன் கால் அவருக்குப் போகுதுன்னா அதுக்கு அவ்வளவு எடை இருக்கு. அது தப்பான தகவலா இருந்தாலும் அதே எடைதான்.

எல்லாரும் செய்யுற தப்பு, தொங்குற மேகத்தையெல்லாம் ஃபனல்னு (புனல் மாதிரி சுத்திக்கிட்டே கீழ இறங்குற மேகம்) நினைக்குறது. மழை பெஞ்ச குளிர்காத்துல ஈரம் அதிகமாகி, புயலோட அடிப்பாகத்துக்குக் கீழ கிழிஞ்ச துணி மாதிரி சின்னச் சின்ன மேகத்துண்டு உருவாகும், இதை ஸ்கட்னு சொல்லுவாங்க. இது சும்மா தொங்கிட்டு இருக்காது, காத்து மேல இழுக்கும்போது விறுவிறுன்னு எழும்பும், நுனி கூர்மையா நீளும், சில நேரம் தரை வரைக்கும் வந்துட்ட மாதிரியே தெரியும், கொஞ்சம் தூரத்துல மரங்களுக்குப் பின்னாடி இருந்தா சத்தியமா டொர்னடோ மாதிரியே இருக்கும். கை போனை எடுக்கப் போகும், அப்போ போனை எடுக்காம ஒரு கம்பத்தையோ தண்ணித்தொட்டியையோ அடையாளமா வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் கண்ணை எடுக்காம பாருங்க. இடது ஓரம் ஒரு பக்கம் போகுதா, வலது ஓரம் எதிர்ப்பக்கம் போகுதா, நடுவுல ஒரு செங்குத்தான அச்சை வச்சு சுத்துதா? இல்ல மொத்தமா மேல போயிட்டே உருவம் மாறுதா? ஸ்கட் பெரும்பாலும் அந்த ஒரு நிமிஷத்துக்குள்ளயே ரெண்டா பிரிஞ்சிடும், இல்ல கரைஞ்சிடும். சுத்துற மேகம் நிலைச்சு நிக்கும். போட்டோவுல இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, அதனாலதான் ஒரே ஒரு போட்டோவை வச்சு டொர்னடோன்னு அடிச்சு சொல்றவங்களை நான் நம்புறதில்ல.

இதுக்கு அடுத்த தப்பு ஷெல்ஃப் க்ளவுட். மழைக்கு முன்னாடி வானம் முழுக்க ஒரு கறுத்த படிக்கட்டு மாதிரி நீளமா வரும், பாக்க பயங்கரமா இருக்கும், அதுல அங்கங்க ஸ்கட் தொங்கும், அதைப் பாத்து வால் க்ளவுட் (wall cloud, புயலோட அடியில சுவர் மாதிரி இறங்குற மேகம்), ஃபனல்னு ரிப்போர்ட் பறக்கும். இங்க கண்ணை விட முகத்துல படுற காத்து நல்லா சொல்லிக்குடுக்கும். புயல் பக்கத்துல இருந்து ஜில்லுன்னு காத்து உங்க மூஞ்சில அடிச்சா அது புயல் வெளிய தள்ளுற காத்து, நீங்க பாக்குறது அநேகமா ஷெல்ஃப் க்ளவுட். வெதுவெதுப்பான ஈரக்காத்து உங்க முதுகுப் பக்கத்துல இருந்து புயலை நோக்கி ஓடுதுன்னா, அங்க மழையே இல்லாத ஒரு தட்டையான அடிப்பாகம் இருந்து, அதுல இருந்து ஒரு பகுதி மட்டும் கீழ இறங்கி சுத்துதுன்னா, அப்போதான் சீரியஸா கவனிக்கணும். சேசிங் (புயல் துரத்துற) அனுபவம் உள்ளவங்க காரை நிறுத்தி இறங்கினதும் மேகத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாப்பாங்க, மழை எங்க, ஆலங்கட்டி எங்க, புயல் காத்தை உள்ள இழுக்குற இடம் எங்கன்னு மனசுல ஒரு மேப் போட்டுப்பாங்க. தப்பான இடத்துல தொங்குற எதுவும் அவங்களை அவ்வளவு சுலபமா ஏமாத்தாது.

இதுக்கு நேரெதிரான தப்பும் இருக்கு, அது இன்னும் ஆபத்து. ஃபனல் பாதி வானத்துலயே நிக்குது, தரையைத் தொடல, அதனால டொர்னடோ இல்லன்னு விட்டுடுறது. டொர்னடோங்குறது காத்து, மேகம் இல்ல. காத்துச் சுழல் தரை வரைக்கும் இருந்தும் ஈரம் பத்தாததால மேகம் பாதியிலயே நின்னுடலாம். அதனால ஃபனலுக்கு நேர் கீழ தரையைப் பாருங்க, அங்க மண்ணோ குப்பையோ சுழன்று எழும்புச்சுன்னா அது டொர்னடோதான், தயங்காம சொல்லிடுங்க.

ராத்திரி ரிப்போர்ட் பத்தி என் கருத்து கொஞ்சம் கறாரா இருக்கும். மின்னல் வெளிச்சத்துல அரை செகண்ட் தெரிஞ்ச உருவத்தை வச்சு முடிவு பண்ண முடியாது, தூரத்துல கொட்டுற மழைத்தாரை கூட அந்த வெளிச்சத்துல தடிமனான தூண் மாதிரி நிக்கும். அடுத்தடுத்த மின்னல்ல அதே உருவம் அதே இடத்துல இருக்கான்னு பாக்கணும், தரையோட ஒட்டி நீலப்பச்சையா வெளிச்சம் வெட்டுதான்னு பாக்கணும், அது கரண்ட் லைன் அறுந்து வர்ற வெளிச்சமா இருக்கலாம். ஆனா சாதாரண பலத்த காத்தும் கரண்ட் லைனை அறுக்கும், அதனால "கரண்ட் வெளிச்சம் பாத்தேன், இந்தத் திசையில"ன்னு அவ்வளவு மட்டும் சொல்லுங்க.

ஆலங்கட்டி விஷயத்துல தீர்வு சுலபம், அளந்துடுங்க. 2010 ஜனவரியில இருந்து நாடு முழுக்க 1 இஞ்ச் விட்டம்தான் கடும் புயலுக்கான எல்லை, அதுக்கு முன்னாடி முக்கால் இஞ்ச். "கோலிக்குண்டு சைஸ்"னு சொன்னா ஒருத்தருக்கு அரை இஞ்ச், இன்னொருத்தருக்கு ஒரு இஞ்ச், வார்னிங்கை முடிவு பண்றதே அந்த அரை இஞ்ச்தான். காத்து வேகத்துல இன்னும் மோசம், மனுஷங்க எப்பவுமே கூட்டித்தான் சொல்லுவாங்க. மணிக்கு 58 மைல் தாண்டினாதான் கடும் காத்துன்னு கணக்கு, ஆனா மரத்துல சின்னக் குச்சி ஒடிஞ்சு விழுறது 40 மைல்லயே நடக்கும். கையில மீட்டர் இல்லன்னா வேகத்தைச் சொல்லாதீங்க, எவ்வளவு தடிமனான கிளை ஒடிஞ்சுது, மரம் நல்லா இருந்த மரமா பட்டுப்போனதான்னு சொல்லுங்க.

அடுத்தது இடம். நீங்க நிக்குற இடத்துக்கும் டொர்னடோ இருக்குற இடத்துக்கும் நடுவுல பத்து மைல் இருக்கலாம், ஆனா ரிப்போர்ட் அனுப்புற ஆப்ல பட்டனை அழுத்தினா உங்க ஜிபிஎஸ் இடம்தான் போகும். 2007 அக்டோபர்ல இருந்து வார்னிங் மொத்த கவுண்டிக்கும் (நம்ம மாவட்டம் மாதிரி) போகாம மேப்ல கோடு போட்ட குறிப்பிட்ட பகுதிக்குத்தான் போகுது, அதனால பத்து மைல் தப்புன்னா ஒரு ஊர் அந்தக் கோட்டுக்குள்ள வராம போகலாம். உங்க இடம், அங்கிருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம், எத்தனை மணிக்குப் பாத்தீங்க, இது நாலும் சேந்தாதான் ரிப்போர்ட்.

எனக்கு ரொம்ப கோவம் வர்றது அடுத்தவங்க லைவ் வீடியோவைப் பாத்துட்டு வீட்டுல உக்காந்து ரிப்போர்ட் பண்றவங்க மேலதான். ஒரே வீடியோவை மூணு பேர் பாத்து மூணு பேரும் தனித்தனியா ரிப்போர்ட் போட்டா, அந்தப் பக்கம் உக்காந்திருக்குறவருக்கு மூணு இடத்துல இருந்து மூணு கண்ணு உறுதிப்படுத்தின மாதிரி தெரியும். நெஜத்துல பாத்தது ஒரே ஆள், அந்த ஒரு ஆளும் ஸ்கட்டைப் பாத்திருக்கலாம். போன வருஷ வீடியோவை இன்னைக்கு எடுத்ததுன்னு போடுறதும் இதே வகைதான். நேஷனல் வெதர் சர்வீஸ் குடுத்த மாதிரியே போலி வார்னிங் தயார் பண்ணி தெரிஞ்சே பரப்புறது ஃபெடரல் சட்டப்படி குற்றம், 90 நாள் வரைக்கும் ஜெயில் உண்டு.

ஒரு தப்பு ரிப்போர்ட்டால என்ன ஆயிடப்போகுதுன்னு நினைக்கிறவங்க 2011 மே 22 அன்னைக்கு ஜாப்ளின்ங்குற ஊர்ல நடந்ததைப் படிக்கணும். மிசௌரியில அந்த ஒரே டொர்னடோவுல 158 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் நேஷனல் வெதர் சர்வீஸ் விசாரிச்சப்போ, முதல் சைரன் அடிச்சதும் பாதி பேருக்கு மேல உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போகலன்னு தெரிஞ்சுது, சைரன் அடிக்கடி கேட்டுப் பழகிட்டதால வேற எங்கயாவது உறுதி கிடைக்குமான்னு தேடியிருக்காங்க. ஏற்கனவே நாலு டொர்னடோ வார்னிங் குடுத்தா சுமார் மூணுல டொர்னடோ வராம போறதுதான், அது விஞ்ஞானத்தோட எல்லை, அதுக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனா அது மேல நம்ம அவசரத்தையும் ஏத்தக் கூடாது. அதோட தப்பான ரிப்போர்ட் பதிவுல தங்கிடுச்சுன்னா அதை வச்சு ஆராய்ச்சி பண்றவங்க கணக்கும் கெடும்.

அனுபவம்னா எத்தனை டொர்னடோ போட்டோ எடுத்தீங்கங்குறது இல்ல. சுத்துற புயல்லயே பெரும்பாலானது டொர்னடோ போடாது, அந்தப் புயல்களை மணிக்கணக்கா பாத்து, இப்ப வரும் இப்ப வரும்னு நினைச்சு, அது ஏன் வரலன்னு அடுத்த நாள் ரேடாரை எடுத்து வச்சுப் பாக்குறவங்களுக்குத்தான் கண்ணு பழகுது. ஸ்கைவார்ன் கிளாஸ் இலவசம், சில மணி நேரம்தான், மொதல்ல அதை முடிங்க, அப்புறம் விவரம் தெரிஞ்ச ஒருத்தரோட கார்ல ஒரு சீசன் போங்க, தனியா போகாதீங்க. அனுபவம் இருந்தா எதுவும் ஆகாதுன்னும் நினைக்க வேண்டாம். டிம் சமராஸ் இந்தத் துறையில ரொம்ப மதிக்கப்பட்டவர், 2003ல சவுத் டக்கோட்டாவுல டொர்னடோ பாதையில கருவி வச்சு 100 மில்லிபார் அழுத்தம் இறங்கினதை அளந்தவர். 2013 மே 31 அன்னைக்கு ஓக்லஹோமாவோட எல் ரீனோ ஊர் பக்கத்துல 2.6 மைல் அகலத்துக்கு விரிஞ்ச, மழைக்குள்ள மறைஞ்சு திடீர்னு திசை மாறின டொர்னடோவுல அவரும், மகன் பாலும், கூட இருந்த கார்ல் யங்கும் இறந்துபோனாங்க.

இதையெல்லாம் படிச்சுட்டு பயந்து ரிப்போர்ட் பண்ணாமயே இருந்துடாதீங்க, அதுவும் தப்புதான். சந்தேகம் இருந்தா சந்தேகத்தோடவே சொல்லுங்க: "மேகம் தாழ்ந்து தொங்குது, சுத்துதான்னு தெரியல, எனக்கு வடமேற்கே சுமார் நாலு மைல்"னு சொன்னா அந்தப் பக்கம் இருக்குறவர் அதை ரேடாரோட சேத்துப் பாத்து முடிவெடுப்பார். அஞ்சு நிமிஷம் கழிச்சு அது ஸ்கட்னு தெரிஞ்சா உடனே திரும்ப கூப்பிட்டு "நான் முன்னாடி சொன்னது தப்பு, சுத்தல, இப்ப கரைஞ்சுடுச்சு"ன்னு சொல்லிடுங்க, ஆன்லைன்ல போட்டிருந்தா அந்தப் போஸ்ட்டை சத்தமில்லாம அழிக்காம அதுலயே திருத்தம் போடுங்க, ஏன்னா அதை ஏற்கனவே ஷேர் பண்ணவங்களுக்கும் திருத்தம் போய்ச் சேரணும்.